தேர்வறைக்கும் மேசைக்கும் இடையே

கணினித் துறையில் சான்றிதழ் பெரிதா, அனுபவம் பெரிதா என்ற வழக்கில் மும்பைத் தமிழர் மூத்த கட்சிக்காரர்கள். கணினி வருவதற்கு முன்பே அவர்கள் இந்த வழக்கை நடத்திப் பார்த்துவிட்டார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மாட்டுங்காவில் வந்து இறங்கிய இளைஞர் பலரின் கையில் இருந்தவை பள்ளியிறுதிச் சான்றும், தட்டச்சு ஹையரும், சுருக்கெழுத்தும்தான். பம்பாயில் வேலை பார்த்த அனுபவம் அவர்களுக்குக் கிடையாது, மராத்தியும் தெரியாது. கோட்டைப் பகுதிக் கம்பெனிகள் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ் கம்பெனி அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டுத் தென்னிந்தியர்களை எண்ணிக் காட்டியது. 1966இல் சிவசேனை பிறந்தபோது அந்தப் பட்டியல்கள் அரசியலாயின. ஒருவன் உள்ளே போனதும் ஊர்க்காரனை இழுத்துக்கொள்கிறான் என்றது ஒரு தரப்பு. கையில் ஹையர் சான்றிதழ் இருந்தது என்றது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. சிபாரிசு வாசல் வரை கொண்டுபோய் விட்டது. நாற்காலியில் நிலைக்கவைத்தது அந்தத் தாள்.

அது ஏன் பாரம் தாங்கியது என்பதே திறனாய்வுக்கு உரிய கேள்வி. தட்டச்சுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. சுருக்கெழுத்தில் லோயருக்கு 80, ஹையருக்கு 120. தேர்வறையில் செய்வது எதுவோ அதையேதான் அலுவலக மேசையிலும் செய்ய வேண்டும். முதல் நாள் காலையில் மேலதிகாரி ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தால் போதும், தாளின் மெய்யும் பொய்யும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதிலிருந்து இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். தேர்வில் செய்யும் செயலுக்கும் வேலையில் செய்யும் செயலுக்கும் இடையே தூரம் எவ்வளவு? இல்லாத தகுதி எவ்வளவு விரைவில் பிடிபடுகிறது? சான்றிதழை மட்டும் இவற்றால் அளந்துவிட்டு அனுபவத்துக்கு விலக்கு அளிப்பது நேர்மையாகாது.

அனுபவத்தின் பக்கம் பேசுவோர் முன்னோடித் தலைமுறையைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு 'டிஃப்ராக்' கணினியை வடிவமைத்துக் கட்டி 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. கணினிக்கென்று ஒரு பட்டமோ சான்றிதழோ அன்று இந்தியாவில் இல்லை. செய்து செய்தே கற்றார்கள், செய்ததே தகுதியாயிற்று. சாட்சி உண்மையானது, ஆனால் அதைக் கொண்டு நிறுவ முயலும் முடிவு பெரிது. நரசிம்மன் சென்னையில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். குழுவுக்குத் தவறு செய்யவும் திருத்தவும் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தைத் தரும் நிறுவனத்துக்குள் நுழைய முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆகவே டிஃப்ராக் நிறுவுவது ஒன்றைத்தான்: நல்ல அனுபவம் கிடைத்தால் சான்றிதழ் தேவையில்லை. அந்த அனுபவம் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை.

1981இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி.யும், 1986இல் மும்பையிலேயே தொடங்கிய ஆப்டெக்கும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கணினிப் பயிற்சித் தொழில்கள். பி.காம். முடித்து வவுச்சர் எழுதக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அவை வேறொரு வாசலைக் காட்டின. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முறையளவில் ஒரு பெருங்குறையும் இருந்தது. பாடத்தை விற்பவரே தேர்வு வைத்தார், அவரே தேறினார் என்று முத்திரையும் குத்தினார். 1990இல் வந்த டோயாக் கணினிக் கல்வித் திட்டம் இந்தக் குறையைச் சரியாகவே கண்டது. ஓ, ஏ, பி, சி என்று நான்கு படிகள். கற்பிப்பது தனியார் நிலையம், தேர்வு நடத்துவது அரசு சார்ந்த தனி அமைப்பு. கற்பிப்பவரையும் மதிப்பிடுபவரையும் பிரித்த அந்த ஒரு முடிவுக்காகவே, அதை அக்காலத்துக் கணினிச் சான்றிதழ்களில் முறைமை மிக்கதாகக் கருதுகிறேன். ஆனால் விளம்பரப் பலகைகளின் பெயர்களுக்கே சந்தை அதிகம் மயங்கியது. அந்த மயக்கத்தில் துறை இழந்ததை இன்னும் ஈடுசெய்யவில்லை.

பிறகு வந்தன மென்பொருள், வலையமைப்பு நிறுவனங்களே வழங்கும் சான்றிதழ்கள். இவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது முறைப் பிழை. ஒரு புறம் தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்ட் வழங்கிய எம்.சி.எஸ்.இ.: விண்டோஸ் என்.டி. காலத்தில் ஆறு தேர்வுகள், பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. தேர்வு எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து எழுதிவைத்த கேள்வித் தொகுப்புகள், அதாவது டம்ப்ஸ், பரவலாகக் கிடைத்தன. சர்வரை நேரில் கண்டிராதவரும் தேறினார். தேறியவருக்கு 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்ற பெயரும் வந்தது. மறு புறம் 1993இல் தொடங்கிய சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. அதன் லேப் தேர்வில் எட்டு மணி நேரம் கருவிகளோடு உட்கார்ந்து, கேட்டபடி வலையமைப்பைக் கட்டிக் காட்ட வேண்டும், உடைந்ததைச் சரிசெய்தும் காட்ட வேண்டும். ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.இ.யும், அண்மையில் வந்த குபர்நெட்டீஸ் நிர்வாகத் தேர்வும் இதே வகை: ஓடும் இயந்திரத்தைக் கொடுத்து, செய்து காட்டு என்பவை. இவை மாட்டுங்கா சுருக்கெழுத்தாளரின் தாளுக்கு உறவு. எம்.சி.எஸ்.இ. அந்த வம்சத்தில் சேராது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தை பற்றி எழுதிய கட்டுரை இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது; 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அது அடிப்படைகளில் ஒன்று. வேலை தருபவருக்கு விண்ணப்பதாரரின் திறன் கண்ணுக்குத் தெரியாது, தாள்தான் தெரியும். திறனுள்ளவருக்கு அதைப் பெறுவது எளிதாகவும் திறனற்றவருக்குக் கடினமாகவும் இருக்கும்வரைதான் தாள் எதையாவது சொல்லும். டம்ப்ஸ் அந்தக் கடினத்தை எல்லோருக்கும் சமமாக்கிவிட்டது. அதோடு தாள் ஊமையாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31 அன்று எம்.சி.எஸ்.இ.யை விலக்கிக்கொண்டு, வேலைப் பொறுப்புகளை ஒட்டிய புதிய சான்றிதழ்களுக்கு நகர்ந்தது. திசை சரியானது. தேர்வின் வடிவம் இன்னும் பெரும்பகுதி பழையதுதான்.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் ஊழியரைச் சான்றிதழ் எடுக்கச் சொல்லித் துரத்துகின்றன? விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இது. அமேசான், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ போன்றவை தங்கள் பங்காளி நிறுவனங்களைத் தரநிலைகளாகப் பிரிக்கின்றன. மேல்நிலைக்குப் போவதற்கான நிபந்தனைகளில், சான்றிதழ் பெற்ற ஊழியர் எத்தனை பேர் என்பதும் ஒன்று. அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் திட்ட மேலாளருக்கு பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனங்கள், சி.ஐ.எஸ்.எஸ்.பி., சி.ஐ.எஸ்.ஏ. ஆகிய பாதுகாப்பு, தணிக்கைச் சான்றிதழ்கள் பெற்றவர் தம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டுகின்றன. இங்கெல்லாம் தாளுக்குக் கிடைக்கும் விலை ஊழியரின் திறனுக்கு உரியதன்று. நிறுவனத்தின் தகுதிப் படிவத்தில் ஓர் எண்ணைக் கூட்டியதற்கு உரியது. சம்பளப் பேச்சில் ஊழியர் இதைத் தெரிந்து பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. தன் திறன் அளக்கப்பட்டுவிட்டது என்று அவர் நம்பினால் ஏமாறுவார்.

இனி அனுபவம். அதன் பக்கம் இயல்பாகவே சாய்பவன் நான்; அதனால் அதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சான்றிதழுக்கு வெளியிடப்பட்ட பாடத்திட்டம் உண்டு, தேர்ச்சி எல்லை உண்டு, பலவற்றுக்குக் காலாவதியும் உண்டு. சிஸ்கோ, அமேசான் சான்றிதழ்கள் மூன்றாண்டில் புதுப்பிக்கப்பட வேண்டும். அனுபவத்துக்கு இருக்கும் ஆவணம் எது? சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர், நடத்தை திருப்தி என்று நான்கு வரியில் முடியும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். இத்தனை கோடிகள் புரளும் ஒரு தொழிலில் இதைவிட ஏழ்மையான சான்று வேறில்லை. போலிக் கடிதங்கள் பெருகியதும் துறை அவற்றைத் தடுக்க முயன்றது. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006இல் தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கியது. 2014இல் வருங்கால வைப்பு நிதிக்கு ஒரே கணக்கு எண் வந்தபின், யார் எங்கே எத்தனை மாதம் இருந்தார் என்பதைச் சரிபார்ப்பது எளிதாயிற்று. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை உறுதிசெய்வது இருப்பை மட்டுமே. இருந்த காலத்தில் என்ன செய்தார் என்ற கேள்வி தொடப்படவே இல்லை.

பத்தாண்டு அனுபவம் என்பது ஒரே ஓராண்டைப் பத்து முறை வாழ்ந்ததாகவும் இருக்கலாம். ஒரே வகை டிக்கெட்டை மூடிக்கொண்டிருந்தவரும், ஒரு வங்கியின் தரவுத்தளத்தைப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குக் கணக்கு பிசகாமல் நகர்த்தியவரும் ரெஸ்யூமில் ஒரே எண்ணாகத் தெரிகிறார்கள். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.சி.எஸ். 2025 ஜூலையில் தன் ஊழியரில் சுமார் இரண்டு விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, விலக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் நடு நிலை, மேல் நிலைப் பணியாளர்கள். திறன் பொருந்தாமை காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. செலவுக் கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் கவசமாகாது என்பதாவது ஐயமின்றி வெளிப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அனுபவத்துக்கு ஓர் உச்சம் உண்டு. எந்தத் தேர்வறையும் அதை எட்டுவதில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் பழுதானதாகவும், இடர் மேலாண்மை அமைப்பு அதனால் பாதிக்கப்பட்டதாகவும் சந்தை விளக்கியது. மாலை 3.45க்குத்தான் வர்த்தகம் மீண்டது. ஐந்து மணி வரை நீட்டிக்கப்பட்டது. மாற்று மையம் சென்னையில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் வர்த்தகத்தை அங்கே மாற்றவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கேள்வி தொழில்நுட்பம் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. பாதியில் நிற்கும் கணக்குகளோடு சென்னைக்கு மாறினால் எது கெடும், மாறாமல் காத்திருந்தால் எது கெடும், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள்? நான்கு விடைகளில் ஒன்றாக இதை அச்சிட முடியாது. எட்டு மணி நேர லேபிலும் இது வராது, ஏனென்றால் அங்கே உடைவது உண்மையான யாருடைய பணமும் அன்று.

ஆனால் இதே நிகழ்ச்சி அனுபவத்தின் எல்லையையும் காட்டுகிறது. நாட்டின் தலையாய சந்தையில் அனுபவசாலிகளுக்குப் பஞ்சமில்லை, முடிவோ வரவில்லை. அடுத்த மாதமே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சுற்றறிக்கை விட்டது: முக்கிய அமைப்பு செயலிழந்தால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்கு நகர வேண்டும். ஒரு கசப்பான நாள் எழுதப்பட்ட நெறியாக மாறியது இப்படித்தான். அனுபவத்தை நான் மதிப்பது இந்த இடத்தில்: நடந்ததிலிருந்து அடுத்தவரும் பின்பற்றத்தக்க ஒரு விதியை அது பிரித்தெடுத்ததா? ஒருவரின் தலைக்குள்ளேயே தங்கி, அவர் விடுப்பில் போனால் தானும் விடுப்பில் போகும் அனுபவம் நிறுவனத்துக்கு ஆபத்து. அவருக்கும் அது பாதுகாப்பன்று.

தாராவி இந்த விவாதத்துக்குள் வருவது இரக்கத்தால் அன்று. அது ஒரு தர்க்கப் புள்ளி. தோல் பதனிடும் வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் உட்படப் பல கைவினைஞர் அங்கே பை தைக்கிறார்கள். யாரும் அவர்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை. வாங்குபவர் பையைத் திருப்பித் தையலைப் பார்க்கிறார், விலை சொல்கிறார். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே கற்ற திறனுக்குச் சான்றளிக்கும் பிரிவு ஒன்று உண்டு. நோக்கம் உயர்ந்தது. ஆனால் பொருளே கண்முன் இருக்கும் தொழிலில் தாள் கூடுதலாகச் சொல்வது குறைவு. கணினி வேலையின் பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வங்கிக்காக எழுதிய நிரலை அடுத்த நேர்காணலில் எடுத்துக் காட்ட முடியாது, ஒப்பந்தம் தடுக்கும். தாளுக்கு இந்தத் துறையில் இவ்வளவு பசி இருப்பதன் வேர் இங்கேதான். கிட்ஹப்பில் பொதுவில் வைத்த நிரல் மட்டும் விதிவிலக்கு. அதைத் திறந்து படித்துப் பார்க்கும் நேர்காணலாளர் பை வாங்குபவரின் நிலையை அடைகிறார். படிக்கப் பொறுமை உள்ளவர் குறைவு என்பது வேறு குறை.

அனுபவம் யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்குத் திரும்புவோம். மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ.யிலோ செம்பூரின் விவேகானந்த் தொழில்நுட்பக் கல்லூரியிலோ படித்தவருக்குக் கேம்பஸ் நேர்காணல் என்ற வாசல் உண்டு. முதல் அனுபவம் அதன் வழியே தானாக வரும். ஐந்தாண்டு கழித்து, சான்றிதழ் எல்லாம் வீண், அனுபவமே போதும் என்று அவர் சொல்லும்போது தன் வாசலை மறந்துவிடுகிறார். தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் வளர்ந்து மாலைக் கல்லூரியில் படித்தவருக்கு அந்த வாசல் இல்லை. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வுக்கட்டணம் 300 டாலர், ஏறத்தாழ 25,000 ரூபாய். அமேசானின் அசோசியேட் நிலைத் தேர்வு 150 டாலர். நியாயத்தின் கருவியாக இருக்க வேண்டிய தாள், இந்த விலையில் இன்னொரு சுவராகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் இணையவழிப் பாடத்திட்டமான என்.பி.டி.இ.எல். இங்கே பாராட்டுக்குரியது: பாடம் இலவசம், மேற்பார்வையோடு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய். விலையில் அது நேர்மையானது. ஆனால் தேர்வின் வடிவத்தில் பெரும்பாலும் பழைய நான்கு விடைதான்.

இரண்டையும் இணைக்க முயன்ற வடிவங்களும் உள்ளன. சி.ஐ.எஸ்.எஸ்.பி. பெற, தேர்வோடு எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்தாண்டு வேலை காட்ட வேண்டும். ஏற்கெனவே பெற்ற ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். தேர்வின் மெலிவை அனுபவமும், அனுபவத்தின் மங்கலைத் தேர்வும் ஈடுசெய்கின்றன. ஆனால் இது உள்ளே இருப்பவருக்கான பட்டயம். வாசலில் நிற்பவருக்கு உதவாது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1957இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி எதிர்த்திசையில் போனது: ஓராண்டுக் கல்வி, விடாத தேர்வுகள், தேறியவருக்கு அந்த அமைப்பிலேயே பணி. சான்றிதழ் கொடுத்தவரே அதன் விளைவோடு வாழ வேண்டும் என்பதால் அங்கே தரம் காக்கப்பட்டது. அரசின் அறிவியல் துறைக்கு இயன்ற இந்த ஆடம்பரம் ஆயிரக்கணக்கான சிறு கம்பெனிகளுக்கு இயலாது.

அவற்றுக்கு இயலக்கூடியது தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவே, சயானில் இருக்கிறது. தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் மேற்கு மண்டல அலுவலகம் அது. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டுப் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஓராண்டு கம்பெனியில் வேலையோடு பயிற்சி; குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது; முடிவில் அரசின் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வேலைவாய்ப்பகத்தில் பணி அனுபவமாகவே பதிவு செய்யலாம். 2019 விதித் திருத்தத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். சான்றிதழும் அனுபவமும் ஒரே தாளில் சேரும் ஏற்பாடு நம் சட்டத்திலேயே அரை நூற்றாண்டாக இருந்தும், கணினித் துறையின் விவாதங்களில் அதன் பெயர் அரிதாகவே அடிபடுகிறது.

குறையும் பெரிது. உதவித்தொகை மெலிந்தது. பழகுநரை மலிவான கையாளாக வைத்து, எக்செல் நிரப்பவிட்டு ஓராண்டைக் கழித்துவிடும் நிறுவனங்களை இந்தத் தாள் காட்டிக்கொடுப்பதில்லை. முதல் அளவுகோலில் இது உயர்ந்து நிற்கிறது, ஏனென்றால் தேர்வறையும் மேசையும் இங்கே ஒன்றே. இரண்டாவதில் தோற்கிறது: கற்றவரையும் கழித்தவரையும் ஒரே சான்றிதழ் ஒன்றுபோல் வாழ்த்துகிறது.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். வேலையின் மதிப்பை அளக்க அனுபவமே உயர்ந்த சான்று, அது நடந்ததைச் சொல்லத் தெரிந்த அனுபவமாக இருந்தால். ஐந்தாண்டு கடந்தவரிடம் நான்கு விடைத் தேர்வுச் சான்றிதழ்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் கையில் உடைந்த ஓர் அமைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். வாசலில் நிற்பவரிடம் அனுபவம் கேட்பது அநீதி. அவரிடம் செய்து காட்டும் தேர்வின் தாள் இருந்தால் அதை ஓராண்டு வேலைக்கு நிகராக ஏற்க வேண்டும். சயான் அலுவலகத்தின் சான்றிதழுக்கு வேண்டிய திருத்தத்துக்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. பழகுநர் ஒவ்வொருவரின் பயிற்சி முன்னேற்றத்தையும் நிறுவனம் பதிவேட்டில் குறித்துவர வேண்டும் என்று பழகுநர் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. எந்த அமைப்பை, எந்தப் பொறுப்பில், யார் மேற்பார்வையில் அவர் கையாண்டார் என்று அந்தப் பதிவேட்டில் எழுதி, அதைச் சான்றிதழின் பின்னால் இணைத்து, படிவத்தின் ஒரு பகுதியாகவே வழங்க வேண்டும்.